அழுகிய உடலில் காயங்கள்: 'சொல்ல இயலவில்லை' என்று டாக்டர் எழுதினால்

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 34 வயது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. ஆறாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு பாசனக் கிணற்றில் மிதந்தான். மார்ச்சுவரியில் அடையாளம் காட்டப் போனவள் நான்தான். முகம் கறுத்து ஊதி, நாக்கு துருத்தி, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வழிந்திருந்தது. மேலுதடும் ஒரு காதும் பிய்ந்திருந்தன. கழுத்தைச் சுற்றிக் கோடு போட்ட மாதிரி ஒரு பள்ளம். இடது முன்கையில் கறுப்பாக இரண்டு திட்டு. யாரோ அடித்து, கழுத்தை இறுக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் முன்கைத் திட்டுகளை வெளிக்காயப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தலைத்தோலுக்கு அடியில் இடப்பக்கம் 6 x 4 செ.மீ. அளவில் உறைந்த ரத்தம் இருந்தது, மண்டையோட்டில் முறிவு இல்லை, நாவடி எலும்பு முறியவில்லை என்றும் இருக்கிறது. கடைசியில், 'உடல் அழுகிய நிலையில் இருந்ததால் வெளிக்காயங்கள் இறப்புக்கு முன்பு ஏற்பட்டவையா, பின்பு ஏற்பட்டவையா என்று சொல்ல இயலவில்லை. உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு வந்தபின் இறுதிக் கருத்து' என்று முடித்திருக்கிறார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. உடலை அடக்கம் செய்துவிட்டோம். டாக்டர் எதையோ மறைக்கிறாரா? தோண்டி எடுத்து மறுபடி பார்த்தால் தெரியுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் தம்பியின் உடலை நான் பார்க்கவில்லை. அறிக்கையிலும் நீங்கள் எழுதிய வரிகள் மட்டுமே என்னிடம் இருக்கின்றன. அதனால் அவர் எப்படி இறந்தார் என்று நான் சொல்லப் போவதில்லை. அறிக்கையை எப்படிப் படிப்பது, அதில் எந்த வரி கனமானது, எதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

'சொல்ல இயலவில்லை' என்ற வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதை என் போஸ்ட்மார்ட்டம் அறிக்கைகளில் நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். காயமே இல்லை என்றோ, யாரும் அடிக்கவில்லை என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. தோலின் மேல் இருந்த சாட்சியம் அழிந்துபோய்விட்டது, அதை வைத்து இப்படியும் சொல்ல முடியாது அப்படியும் சொல்ல முடியாது என்பதுதான் அர்த்தம். ஆறு நாள் தண்ணீரில் கிடந்த உடலைப் பார்த்து, தோலில் உள்ள ஒவ்வொரு திட்டையும் 'உயிரோடு இருந்தபோது பட்ட காயம்' என்று அடித்து எழுதும் டாக்டரைக் கண்டால் எனக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பத்தே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார். உடைந்தால் அந்த ஒரு வரியோடு நிற்காது, அறிக்கை முழுவதும் சரியும்.

ஆனால் அந்த வார்த்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. நாற்றம் தாங்காமல், வேலையைச் சுருக்கமாக முடிக்க நினைக்கிறவர்கள் 'அழுகிவிட்டது' என்பதன் பின்னால் ஒளிந்துகொள்வதும் நடக்கிற காரியம்தான். இரண்டில் உங்கள் அறிக்கை எது என்பது ஒரே கேள்வியில் இருக்கிறது: கீறிப் பார்த்தார்களா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் மார்ச்சுவரியில் பார்த்த காட்சியை எடுத்துக்கொள்வோம். அது எவ்வளவு கொடுமையான காட்சி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி யாரும் செய்ததில்லை.

இதயம் நின்ற பிறகு குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி பெருகும். நம் ஊர் வெயிலில் ஒரு நாளுக்குள்ளேயே அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படியும். பெருங்குடல் தொடங்கும் இடம் அங்கே தோலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். அப்புறம் ரத்தக்குழாய்களின் வழியே பச்சையும் கறுப்புமாக மரக்கிளை போன்ற கோடுகள் தோள், தொடை எல்லாம் ஓடும். வாயு சேர்ந்து உடல் ஊதும். கிணற்றில் மூழ்கிய உடல் மேலே மிதந்து வருவதே இந்த வாயுவால்தான். தண்ணீரில் மிதக்கும் உடல் பெரும்பாலும் குப்புறத்தான் கிடக்கும், தலை கீழே தொங்கும். ரத்தம் எல்லாம் தலைக்கும் முகத்துக்கும் இறங்கித் தேங்குவதால் அழுகலும் அங்கேதான் முந்தும். முகம் கறுத்தது அதனால்தான். கண் பிதுங்குவதும் நாக்கு துருத்துவதும் உள்ளேயிருந்து வாயு தள்ளுவதால். மூக்கிலும் வாயிலும் நீங்கள் பார்த்த 'ரத்தம்' அநேகமாக நுரையீரலிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் வாயு அழுத்தி வெளியே தள்ளிய சிவந்த அழுகல் நீர். அடிபட்டு வழிந்த ரத்தம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தண்ணீருக்குள் இருக்கும்வரை இது கொஞ்சம் நிதானமாகத்தான் நடக்கும். காற்றில் ஒரு வாரத்தில் ஆகிற அழுகல் தண்ணீரில் இரண்டு வாரம், மண்ணுக்குள் எட்டு வாரம் எடுக்கும் என்று பெர்லின் மருத்துவர் காஸ்பர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்குச் சொன்னார். நம் ஊர்ச் சூட்டுக்கு அது அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு சரிதான். ஆனால் தண்ணீரை விட்டு வெளியே எடுத்தவுடன் அழுகல் தலைதெறிக்க ஓடும். காலையில் கிணற்றிலிருந்து எடுத்தபோது இருந்த முகமும் சாயங்காலம் நீங்கள் மார்ச்சுவரியில் பார்த்த முகமும் ஒன்றாக இருந்திருக்காது.

உதடும் காதும் பிய்ந்திருந்ததற்கு வருவோம். கிணற்று மீன், நண்டு, ஆமை எல்லாம் மென்மையான இடத்தைத்தான் முதலில் கொறிக்கும்: உதடு, காது மடல், இமை, மூக்கு நுனி. கொறித்த இடத்தின் ஓரம் சின்னச் சின்னப் பல்லாக, அரித்த மாதிரி இருக்கும். சுற்றிலும் வீக்கமோ ரத்தக்கட்டோ இருக்காது. அறிக்கையில் 'நீர்வாழ் உயிரினங்கள் கடித்தது' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும்.

கழுத்தில் இருந்த பள்ளம்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். தம்பி கழுத்தில் கறுப்புக் கயிறோ தாயத்தோ கட்டியிருந்தாரா? பட்டன் போட்ட காலர் சட்டையா? உடல் ஊதும்போது கழுத்து பருக்கும், கயிறு பருக்காது. சதை கயிற்றுக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நடுவில் அழகாக ஒரு பள்ளம் விழும். கயிற்றை யாராவது அறுத்து எடுத்துவிட்ட பிறகு பார்த்தால், தூக்குக் கயிற்றின் தடம் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். அதனால்தான் உடலில் இருந்த துணி, கயிறு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் இருக்கும்போதே படம் எடுக்கச் சொல்கிறோம்.

இதில் நானே ஒரு முறை கவிழப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். தோப்பில் இறந்து கிடந்த ஒரு பெரியவரின் உடல். அழுகல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கழுத்தில் முக்கால் சுற்றுக்கு மஞ்சளும் பழுப்புமாக, காய்ந்த தோல் மாதிரி ஒரு பட்டை. 'கயிற்றுத் தடம்' என்று குறிப்பெடுப்பவரிடம் சொல்லியே விட்டேன். பிணவறை உதவியாளர் ஒருவர், என் அப்பா வயது இருக்கும், ஒன்றும் பேசாமல் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்து வந்து காலர் மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செத்த எறும்புகள். பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பட்டையைப் பார்த்தால் ஓரம் நேராகவே இல்லை. ஊசி குத்தியது போலப் பொடிப்பொடியாகக் கடித்த குழிகள். கீறிப் பார்த்தேன், அடியில் தசை வெளிறிக் கிடந்தது, ஒரு சொட்டு ரத்தக்கசிவு இல்லை. எறும்பு ஈரமான மடிப்பைத் தேடித்தான் போகும். காலருக்கு அடியில் வரிசையாகக் கடித்துவிட்டுப் போயிருந்தது. 'கயிற்றுத் தடம்' என்று அன்று எழுதியிருந்தால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

சரி, உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தை நாங்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்?

இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அடி விழுந்தால், குழாய் உடைந்து ரத்தம் அழுத்தத்தோடு சதைக்குள் பீய்ச்சும். இழை இழையாக உள்ளே புகுந்து உறையும். இறந்த பிறகு அடித்தால் தள்ளுவதற்குப் பம்ப் இல்லை, உடைந்த குழாயிலிருந்து கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். புதிய உடல் என்றால் இதைப் பார்ப்பது சுலபம். சந்தேகப்படும் திட்டின் குறுக்கே கத்தியால் கீறி, குழாய்த் தண்ணீரை மெல்ல விடுவோம். வெறுமனே ரத்தம் தேங்கிய இடமென்றால் கழுவக் கழுவ வெளிறிவிடும். அடிபட்ட இடமென்றால் எவ்வளவு கழுவினாலும் சிவப்பு போகாது, ஏனென்றால் ரத்தம் குழாய்க்குள் இல்லை, சதைக்குள் ஊறி உறைந்திருக்கிறது.

அழுகிய உடலில் இந்தச் சோதனைதான் காலை வாருகிறது. சிவப்பணுக்கள் எல்லாம் உடைந்து, அவற்றின் நிறம் சாயம் கரைந்த மாதிரி எல்லாத் திசுக்களிலும் ஊறிவிடும். அடிபட்ட இடமும் படாத இடமும் ஒரே ஒயின் நிறம். கழுவினால் எதுவுமே போகாது. தேங்கிய ரத்தமும் காயம் மாதிரி தெரியும். உண்மையான காயமும் அந்தச் சாயத்துக்குள் காணாமல் போகும். இன்னொரு சிக்கல் தண்ணீருக்கே உரியது. உயிரோடு இருக்கும்போது வெட்டுப்பட்ட திறந்த காயத்திலிருந்துகூட, நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தால் ரத்தம் முழுக்கக் கழுவிப்போகும். பார்ப்பதற்கு இறந்த பிறகு பட்டது போல வெளுத்துக் கிடக்கும். ஆகவே தண்ணீரிலிருந்து எடுத்த உடலில் 'ரத்தமில்லை, அதனால் இறந்த பிறகு பட்ட காயம்' என்று முடிவு கட்டுவது பெரிய தப்பு.

இப்போது உங்கள் அறிக்கையின் கனமான வரிக்கு வருகிறேன். தலைத்தோலுக்கு அடியில், இடப்பக்கம், 6 x 4 செ.மீ., உறைந்த ரத்தம். நானாக இருந்தால் இந்த வரியில்தான் நின்றுகொள்வேன்.

குப்புற மிதந்த உடலில் தலைத்தோலின் அடிப்பக்கம் பூராவும் சிவந்துதான் இருக்கும். அந்தச் சிவப்பு பரவலாக, இரண்டு பக்கமும், ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருக்கும். எழுதுகிறவர் அதை அளக்க மாட்டார், அளக்கவும் முடியாது. உங்கள் டாக்டர் அளந்திருக்கிறார். ஒரு பக்கம் என்று சொல்லியிருக்கிறார். 'உறைந்த' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். தலைத்தோலை நெற்றிவரை உரித்துத் திருப்பும்போது உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, கரும்பழுப்பாக, தனியாக எடுக்க வராமல் ஒரு கட்டி இருந்திருக்க வேண்டும். எல்லை உள்ள, ஒட்டிய ரத்தக்கட்டி அழுகலில் தானாக உண்டாவதில்லை. அழுகிய உடலிலும் அடிபட்டதற்குக் கடைசிவரை நிற்கும் அடையாளம் அதுதான். மேல்தோல் உரிந்து போகும், நிறம் குழம்பிப்போகும், உள்ளே ஆழத்தில் உறைந்த ரத்தம் ரொம்ப நாள் தாங்கும்.

மண்டைக்குள்ளும் இதே கதைதான். ஆறு நாளில் மூளை கூழாகிவிடும். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறை சீக்கிரம் அழுகாது. அந்த உறையின் உள்பக்கம் ரத்தக்கட்டி ஒட்டியிருந்தால் தெரியும். 'மூளை கூழ் நிலையில் இருந்தது' என்பதோடு நிறுத்திவிட்டார்களா, மூளை உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அழுகினாலும் ஆழத்தில் சாட்சி நிற்கும் என்பதற்கு எங்கள் துறையில் எப்போதும் சொல்லும் ஒரு வழக்கு உண்டு. 1942 ஜூலை, லண்டன். குண்டுவீச்சில் சேதமான ஒரு தேவாலயத்தை இடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள், நிலவறையில் ஒரு கல்லைப் புரட்டியபோது அடியில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. பதினைந்து மாதத்துக்கு முன் காணாமல் போன ரேச்சல் டாப்கின். உடல் மேல் நீறிய சுண்ணாம்பு தூவியிருந்தது. பரிசோதித்தவர் கீத் சிம்ப்சன். முகமே இல்லாத, தோல் என்று சொல்ல எதுவும் மிஞ்சாத அந்த உடலில், குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு ஒன்று முறிந்திருந்ததையும், அந்த முறிவைச் சுற்றி உலர்ந்த ரத்தக்கட்டு இருந்ததையும் அவர் கண்டார். முறிவை மட்டும் வைத்திருந்தால், உடலைத் தூக்கிப் புதைக்கும்போது முறிந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லியிருக்கும். சுற்றியிருந்த ரத்தம்தான் அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது கழுத்து நெரிபட்டது என்று சொன்னது. கணவருக்கு 1943 ஜனவரியில் தூக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், உடலைக் கரைத்துவிடும் என்று நினைத்துத் தூவிய சுண்ணாம்புதான் புழு அரிக்காமல் அதைக் காப்பாற்றி வைத்தது.

உங்கள் தம்பியின் கழுத்துக்கும் இதே விதிதான். மேலே தெரிந்த பள்ளம் கயிற்றால் இறுக்கியதால் வந்ததா, உடல் ஊதியதால் வந்ததா என்பதைத் தோலை வைத்துச் சொல்ல முடியாமல் போகலாம். அடியில் உள்ள தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மண்டையையும் மார்பையும் திறந்து ரத்தத்தை வடியவிட்டு, கழுத்தைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் நிரம்பிய குழாய்களிலிருந்து குரல்வளைக்குப் பின்னால் ரத்தம் கசிந்து, நெரித்த காயம் போலவே பொய்த்தோற்றம் காட்டும். தென்னாப்பிரிக்காவில் பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இருவர் 1951இல் இதை எழுதினார்கள். அன்றிலிருந்து எல்லா மாணவர்களுக்கும் இது பாலபாடம். நாவடி எலும்பு முறியவில்லை என்பதை மட்டும் வைத்து நெரிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. இளவயதில் அந்த எலும்பு வளைந்து கொடுக்கும், முறியாமலே நெரிபடலாம். குரல்வளைக் கொம்புகள் பற்றியும் கழுத்துத் தசைகள் பற்றியும் அறிக்கை என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

கண்ணுக்குத் தெரியாததை மைக்ரோஸ்கோப் காட்டாதா என்று கேட்பீர்கள். புதிய உடலில் நிறையக் காட்டும். காயம் பட்டுச் சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் அங்கே கூட்டமாக வந்து சேரும். இரண்டு மூன்று நாள் கழிந்தால், கசிந்த ரத்தத்தின் இரும்பு தனித் துகள்களாகப் படியும். ஒரு சாயம் போட்டால் அது நீலமாகத் தெரியும். அழுகினால் வெள்ளையணுக்கள் கரைந்துவிடும். இரும்புத் துகள் தாங்கும், ஆனால் அடிபட்டபின் அவர் ஒன்றிரண்டு நாளாவது உயிரோடு இருந்திருந்தால்தான் அது உண்டாகும். சில நிமிடத்தில் இறந்துவிட்டால் அன்றே அறுத்துப் பார்த்தாலும் இதெல்லாம் இருக்காது, கசிந்த ரத்தம் மட்டும்தான் இருக்கும். சிவப்பணுவின் சவ்வில் உள்ள கிளைக்கோஃபோரின் என்ற புரதத்தைத் தேடும் சோதனை ஒன்று உண்டு. அணு உடைந்த பிறகும் அந்தப் புரதம் கசிந்த இடத்திலேயே தங்கும் என்பதால் அழுகிய திசுவில் அது கை கொடுக்கிறது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் இது வழக்கமான சோதனை கிடையாது.

எந்தச் சோதனையாக இருந்தாலும் அன்றைக்கே ஒரு துண்டு திசுவை எடுத்து, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. விஷம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் உள்ளுறுப்புகள் உப்புக் கரைசலில் போகும். அவை தடய அறிவியல் ஆய்வகத்துக்கு. காயத்தின் திசு ஃபார்மலினில் போகும். அது மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்கு. நீங்கள் காத்திருக்கும் 'உள்ளுறுப்புப் பரிசோதனை' முதல் வகை என்றால், அது காயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. விஷம், மதுபானம் இவ்வளவுதான். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: அழுகும் உடலில் பாக்டீரியாக்களே ஆல்கஹாலை உண்டாக்கும். முடிவில் கொஞ்சம் ஆல்கஹால் இருந்து, 'குடித்துவிட்டு விழுந்துவிட்டார்' என்று யாராவது ஃபைலை மூடப் பார்த்தால், அளவு என்ன, அழுகலால் வந்ததாக இருக்கலாமா என்று கேளுங்கள்.

மூழ்கி இறந்தாரா என்பதற்கு டயாட்டம் சோதனை உண்டு. தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசி வகை அது. ஓடு சிலிக்காவால் ஆனது, அழுகாது. உயிரோடு மூழ்குகிறவர் மூச்சில் இழுத்த தண்ணீரோடு அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரை போய்ச் சேரும். பிணத்தைத் தூக்கிப் போட்டால் மஜ்ஜைக்குக் கொண்டுபோக ரத்த ஓட்டம் கிடையாது. எலும்பையும் அதே கிணற்றுத் தண்ணீரையும் அனுப்பி ஒப்பிட்டால் பலன் உண்டு. இல்லை என்று வந்ததை மட்டும் வைத்து மூழ்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்று சொல்ல வேண்டும். தலையில் பட்டது உயிரோடு இருக்கும்போதுதான் என்று நாளையே நிரூபணமானாலும், அது யாரோ அடித்தது என்று ஆகாது. பாசனக் கிணற்றில் தவறி விழுகிறவர் பக்கவாட்டுப் பாறையிலோ படிக்கட்டிலோ மோட்டார் குழாயிலோ மோதித்தான் விழுவார். அதுவும் இறப்புக்கு முந்தைய காயம்தான், அதிலும் ரத்தம் உறையும். 'முன்பா பின்பா' என்பது ஒரு கேள்வி, 'யாரால், எதனால்' என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் கிணற்றடியில் இருக்கிறது: கிணற்றின் ஆழம், அன்று எவ்வளவு தண்ணீர் இருந்தது, செருப்பு எங்கே கிடந்தது, போன் எங்கே இருந்தது. டாக்டரின் மேஜையில் அது கிடைக்காது.

தோண்டி எடுக்கலாமா என்று கேட்டீர்கள். சட்டப்படி முடியும். நம் நாட்டில் அதற்குக் காலக்கெடு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நடைமுறையில் தாசில்தாரோ கோட்டாட்சியரோ முன்னிலையில் நடக்கும். ஆனால் நான்கு மாதம் கழித்து என்ன மிஞ்சியிருக்கும்? சதையில் பேச ஒன்றும் இருக்காது. எலும்பு பேசும். ஈரப்பசை உள்ள எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி சாய்வாக, ஓரம் வழவழப்பாக முறியும். காய்ந்த எலும்பு சுள்ளி மாதிரி குறுக்கே, சொரசொரப்பாக ஒடியும், ஒடிந்த இடம் வெளிறிப் புதிதாகத் தெரியும். ஆனால் இறந்து பல வாரங்கள்வரை எலும்பில் அந்த ஈரப்பசை இருக்கும். ஆகவே ஆறத் தொடங்கிய அடையாளம் இல்லாத முறிவை 'இறப்பை ஒட்டியது' என்றுதான் எழுதுவார்கள். 'முன்பு' என்று எழுத மாட்டார்கள். உங்கள் அறிக்கையில் மண்டையோடும் நாவடி எலும்பும் முறியவில்லை என்று ஏற்கெனவே இருக்கிறது. அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால், அல்லது விலா எலும்பு, குரல்வளை, கைகால் எலும்புகளைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தால், தோண்டுவதில் அர்த்தம் உண்டு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, மேஜையில் கிடக்கும் தாள்களை ஒழுங்காகக் கேட்டு வாங்குவது. உங்கள் நிலையில் என் தங்கை இருந்தால் அவளுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பிரேத விசாரணை அறிக்கை, உடலைக் கிணற்றிலிருந்து எடுத்தபோதும் மார்ச்சுவரியிலும் எடுத்த படங்கள், திசு அனுப்பியிருந்தால் அதன் முடிவு, டயாட்டத்துக்கு எலும்பு அனுப்பினார்களா என்ற விவரம். இவற்றுக்கு விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். படங்கள் கிடைத்தால், கழுத்தில் கயிறு இருந்த நிலையில் எடுத்த படம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் கழுத்துப் பள்ளத்தின் கதை அதிலேயே முடிந்துவிடலாம்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரிடம் விளக்கம் கேட்டு எழுதும்படியும் அதே மனுவில் அதிகாரியைக் கேளுங்கள். இது வழக்கத்தில் உள்ளதுதான், யாரையும் குற்றம் சொல்வதாகாது. 'கொலையா தற்கொலையா' என்று கேட்டால் பதில் வராது. முன்கையில் இருந்த இரண்டு திட்டுகளைப் பற்றிக் கேளுங்கள். அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவருக்கு முன்கையின் வெளிப்பக்கம்தான் படும். அதனால் அவை உள்பக்கமா வெளிப்பக்கமா என்பது முதல் கேள்வி. அவற்றைக் கீறிப் பார்த்தார்களா, அடியில் தசையில் ரத்தம் உறைந்திருந்ததா, வலது கையின் அதே இடத்தையும் கீறி ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்பது இரண்டாவது. தலைத்தோலில் இருந்த கட்டி 'உறைந்த ரத்தம்' என்றால், அதையும் சேர்த்துத்தான் 'சொல்ல இயலவில்லை' என்றாரா, வெளிக்காயங்களை மட்டும் சொன்னாரா என்பது மூன்றாவது. நீங்கள் எழுதிய வரியில் 'வெளிக்காயங்கள்' என்றுதான் இருக்கிறது. தலைத்தோலுக்கு அடியில் இருப்பது வெளிக்காயம் இல்லை.